சின்னவள் படித்த படிப்பு

என் நைனாவுக்கு ஒரு கண்தான். இடது கண். எங்கள் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தவர். இரும்புக் கயிறு அறுந்து அடித்ததில் வலது கண் போனது நான் பிறப்பதற்கு முன்பே. மிச்சமிருந்த ஒன்றிலும் புரை விழுந்து, நான் கண் டாக்டர் மேல்படிப்பில் சேர்ந்த வருஷம் அது பாலாடையாகப் படர்ந்துவிட்டது. வெளிச்சம் தெரியும், ஆள் நிழல் தெரியும், அவ்வளவுதான். ஆபரேஷன் சரியாக நடந்தால் பார்ப்பார். தப்பினால் மாற்றுக் கண் கிடையாது. அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தவள் நைனாவின் கண்ணில் போய் நிற்கிறாளே என்று நினைக்கவேண்டாம். அக்காவின் மேல் எனக்கிருக்கும் பிரியமும் பயமும் அந்த ஒரு கண்ணைச் சுற்றித்தான்.

அக்கா என் கூடப்பிறந்தவள் இல்லை. கூடப் படித்தவள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. டாக்டர் படிப்பு முடித்து இரண்டு வருஷம் அங்கே எங்கோ வேலை பார்த்துவிட்டுக் கண் வைத்தியத்தில் டிப்ளமோ வாங்கவேண்டும் என்று பட்டணம் வந்தாள். ராயபுரத்தில் எங்கள் வீட்டு மாடி அறை காலியாக இருந்தது, வந்துவிட்டாள். டிராம் நின்றுபோன வருஷமோ அதற்கடுத்த வருஷமோ, சரியாக நினைவில்லை. ஒல்லி உடம்பு. கைத்தறிப் புடவையைக் கணுக்கால் தெரிய இறுக்கிச் செருகிக்கொண்டு கடகடவென்று நடப்பாள். சிரித்தால் சத்தம் வராது. பெயரைச் சொல்லமாட்டேன். டிப்ளமோப் பரீட்சைக்கு அவள் வரவே இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய் ஒரு சின்ன டிஸ்பென்சரியில் பிள்ளைகளுக்குச் சளிக்கும் சொறிக்கும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தாள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். கத்தியையே தொடவில்லையாம். எங்கள் எல்லோரையும்விட நல்ல கை அவளுடையது. கேட்டபோது வயிறு எரிந்தது எனக்கு.

நல்ல கை என்றேனே, அதில்தான் எல்லாம் இருக்கிறது.

எங்களுக்குக் கைப்பழக்கம் கற்றுக்கொடுத்தது கடலோரத்தில் இருந்த ஒரு தர்மக் கண் ஆஸ்பத்திரியில். இப்போது அது இல்லை. ஹார்பர் நிலக்கரித் தூசி ஜன்னல் வழியாக வந்து வெள்ளைப் படுக்கை விரிப்பில் படியும். ஆயாக்கள் நாள் முழுக்கத் திட்டிக்கொண்டே துடைப்பார்கள். முதல் நாளே, சீஃப் என்று நாங்கள் கூப்பிடும் தலைமை டாக்டர் எங்களை நிற்கவைத்துச் சொன்னார்: "உங்க வலது கைக்கு எம்.பி.பி.எஸ். கிடைச்சாச்சு. இடது கை இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகலை. இங்கே அதைத்தான் படிக்கவைக்கப் போறோம்."

விஷயம் இதுதான். புரை எடுக்கும்போது டாக்டர் நோயாளியின் தலைமாட்டில் நிற்பார். காதுப் பக்கமிருந்து கத்தியை நுழைத்து மூக்குப் பக்கம் வெளியே கொண்டுவந்து மேல்நோக்கி அறுக்கவேண்டும். வலது கண்ணுக்கு வலது கை சரியாக வரும். இடது கண்ணுக்கு வலது கையைக் கொண்டுபோனால் மூக்கு குறுக்கே நிற்கும். ஆகவே இடது கண்ணுக்கு இடது கை. இதைத் தப்பித்துக்கொள்ள வழி கிடையாது. நாங்களெல்லாம் சோற்றுக்கு ஒரு கை, மற்றதற்கு ஒரு கை என்று வளர்ந்தவர்கள். இடது கையால் எதையாவது நீட்டினால் முதுகில் ஒன்று விழும். அந்தக் கையைக் கொண்டுபோய் மனுஷன் கண்ணில் கத்தி வை என்றால் எப்படி இருக்கும்? என் இடது கைக்கு அன்றைக்குப் புடவைக் கொசுவம் பிடிக்கக்கூடத் தெரியாது.

சீஃப் சொன்னதற்கு எல்லோரும் சிரித்தோம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போதுதான் யாரோ கொண்டுவந்து கொடுத்த மாதிரி.

அன்றிலிருந்து அந்தக் கை 'சின்னவ' ஆயிற்று. வலது கை 'பெரியவ'. காலையில் எழுந்ததும் பெரியவளை ஒரு நாடாவால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொள்வாள். பல் விளக்குவது, தலை வாருவது, விளக்குத் திரி கிள்ளுவது, ஊசியில் நூல் கோர்ப்பது எல்லாம் சின்னவள்தான். எங்கள் தெருவில் ஆட்டுக்கறி வெட்டுகிற பாய் வாழையிலையில் ஆட்டுக்கண் மடித்துக் கொடுப்பார். அதைத் தேங்காய்த் தொட்டியில் பஞ்சு வைத்துப் பொருத்தி, மாடி அறை மேஜைமேல் வைத்து வெட்டிப் பழகுவோம். நான் ஒரு கண்ணைக் குதறி முடிப்பதற்குள் அக்கா நான்கைந்து முடித்திருப்பாள். முதலில் அவளுடையதும் குதறல்தான். அப்போது சின்னவளைத் திட்டுவாள்.

"ஏட்டி, கவனிக்க மாட்டியா? நுனிய எங்க பாத்து வச்சிருக்க?"

என்னைத்தான் சொல்கிறாள் என்று நான் நிமிர்ந்து பார்ப்பேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நன்றாக வெட்டியிருந்தால் பெரியவளின் கட்டை அவிழ்த்துவிட்டு, சின்னவளைத் தட்டிக்கொடுக்கச் சொல்வாள். எனக்குச் சிரிப்பாக வரும். படிப்பு மண்டைக்கு ஏறிவிட்டது பாவம் என்று நைனாவிடம் சொல்வேன்.

நைனாவுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. காலையில் மாடியிலிருந்து இறங்கி வந்து அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டிவிட்டுத்தான் கிளம்புவாள். ஒருநாள் அவள் எங்களோடு உட்கார்ந்து இடது கையால் சோறு பிசைவதைப் பார்த்து எனக்குக் குமட்டியது. வாயைத் திறந்து சொல்லியும்விட்டேன். நைனா என்னை அதட்டினார்.

"உனுக்கு இன்னா இப்போ? எந்தக் கையின்னு எனுக்குத் தெரியவா போவுது? பசிக்கு துன்னுது பொண்ணு, வுடு."

காசிமேட்டிலிருந்து கூடை எடுத்து வருகிற மீன்காரம்மா அப்படி விடவில்லை. வாசலில் அக்கா இடது கையை நீட்டி மீனை வாங்கப்போக, அந்தம்மா கூடையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"இன்னாமே இது, மொத போணி, பீச்சாங்கைய நீட்டிகினு வர? சோத்துக்கைக்கு இன்னா நோவு?"

"கோவிச்சுக்காதீங்கம்மா. இவ படிக்கிற பிள்ள. பழகிக்கிட்டிருக்கா," என்றாள் அக்கா.

மீன்காரம்மா அக்காவின் பின்னால் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. அதற்கப்புறம் எங்கள் வீட்டு வாசலில் அவள் கூடையை இறக்கவில்லை. தெருமுனையிலிருந்தே குரல் கொடுத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். மீனுக்காக நான்தான் ஓடவேண்டியிருந்தது, அந்தக் கோபம் இன்னும் எனக்கு உண்டு.

சிரிப்பு எப்போது நின்றது என்றால், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புத்தகம் கேட்க மாடிக்குப் போனேன். அக்கா பாயில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கடல் வெளிச்சம் அறை முழுக்க இருந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. வலது கை வயிற்றின்மேல் கிடந்தது. இடது கை மட்டும் தூங்கவில்லை. முழங்கை பாயில் ஊன்றியிருக்க, மூன்று விரல் கத்தி பிடிக்கிற மாதிரி கூடி, காற்றில் நுழைத்தது, மறுபக்கம் வந்தது, மெதுவாக மேலே அறுத்தது. நிறுத்தியது. மறுபடி முதலிலிருந்து. நான் பார்த்த வரையில் ஒரு வெட்டிலும் பிசகு இல்லை. தூக்கத்தில் கை கால் ஆடுவதெல்லாம் எனக்குத் தெரியாததா, நானும் டாக்டர்தானே. ஆனால் அது ஆட்டம் இல்லை, வேலை.

நான் வாசற்படியில் அசைந்தேன் போலிருக்கிறது, வளையல் சத்தம் கேட்டது. கை நின்றது. அப்படியே கொஞ்ச நேரம் நின்று, பிறகு விரல்களைப் பிரித்து, மெல்லப் பாயில் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகுதான் அக்கா கண் விழித்தாள்.

"எவ்வளவு நேரமா நிக்க?" என்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லாப் பண்ணாளா?" என்றாள்.

நான் புத்தகம் வாங்காமலே இறங்கி வந்துவிட்டேன். நைனாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வார்டைப் பற்றிச் சொல்லவேண்டும். இப்போது புரை எடுத்தால் தையல் உண்டு, அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் தையல் கிடையாது. வெட்டிய வாய் தானாக ஒட்டவேண்டும். ஒட்டும்வரை இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, ஆடாமல் அசையாமல் படுக்கவைப்போம். தும்மினால் போச்சு. கட்டு பிரித்த பிறகும் விரலால் கொஞ்சம் அழுத்திவிட்டால் காயம் வாய் பிளந்து கண்ணுக்குள் இருப்பது வெளியே வந்துவிடும். அப்புறம் அந்தக் கண் கண்ணே இல்லை. ஆகவே வார்டில் எப்போதும் பேச்சு குறைவு. காத்திவாக்கத்துக் கட்டுமரக்காரர், திருவொற்றியூர்ப் பட்டறைக்காரர், பெண்கள், எல்லோரும் வெள்ளைக் கட்டோடு வரிசையாகக் கூரையைப் பார்த்தபடி படுத்திருப்பார்கள். பக்கத்தில் வருவது யார் என்பதைக் கையை வைத்தே தெரிந்துகொள்வார்கள்.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் அக்கா ஒரு கிழவிக்குக் கட்டு மாற்றினாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தட்டில் என் இரண்டு கையும் இருந்தன. அக்கா ஒரு கையால் தலையைத் தாங்கி, மற்றதால் பஞ்சை ஒற்றினாள்.

கிழவி கேட்டாள்: "ரெண்டு டாக்டரம்மா வந்துகிறீங்களா?"

"நான் ஒருத்திதான் பாட்டி."

"எனுக்குக் கண்ணுதாம்மா கட்டிக்கீது. ஒரு கை சூடா கீது. இன்னொரு கை சில்லுனு கீது. அந்த சில்லுக்கைக்காரி பேசவே மாட்டேன்றா, ஆனா நோவாம பண்றா. அவளையே பண்ணச் சொல்லு."

பக்கத்துக் கட்டிலில் இருந்த பட்டறைக்காரரும், "ஆமாம்மா, எனுக்கும் நேத்து அந்தம்மாதான்," என்றார். அவர்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. பிறகு வார்டு முழுக்க அந்தப் பேச்சாயிற்று. நாங்கள் போனால், "சில்லுக்கை டாக்டரம்மா வரலியா?" என்று கேட்பார்கள். அக்காவிடம் கேட்டதே இல்லை. அவள் கட்டிலருகே போனதும், தலையை அசைக்காமல், அவளுடைய இடது கை இருக்கிற பக்கமாகக் கும்பிட்டு வணக்கம் சொல்வார்கள்.

அக்காவுக்கே பயம் வந்தது ஒரு ஆபரேஷனில். இடது கண் கேஸ். எல்லாம் தயார். நோயாளியைப் படுக்கவைத்து மருந்து ஊற்றி ஊசியும் போட்டாயிற்று. அக்கா இடது கையைக் கத்திக்கு நீட்டவேண்டும். நீட்டவில்லை. கை விரலை மூடிக்கொண்டு உடம்போரமாகத் தொங்கியது. நான் கத்தியை நீட்டினேன். அவள் அந்தக் கையையே பார்த்தாள். வலது கையால் விரலைப் பிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. சீஃப் வந்து, "என்னம்மா, தசை பிடிச்சுக்கிச்சா?" என்றார்.

சும்மா நிற்கக்கூடாதே என்று சீஃப் நோயாளியின் கண்ணோரத்தை, மூக்கு ஒட்டிய இடத்தை, ஒருமுறை அழுத்திப் பார்த்தார். சீழ் வந்தது. கண்ணீர்ப் பையில் சீழ் இருக்கும்போது கண்ணைத் திறந்தால் உள்ளே கிருமி போய்க் கண் அழுகிவிடும். முந்தின நாள் அந்த இடத்தை அழுத்திப் பார்த்து ஒன்றும் இல்லை என்று சொன்னவள் அக்கா. வலது கைக் கட்டைவிரலால் பார்த்திருந்தாள். ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள். சீஃப் அவளைக் கோபிக்கவில்லை, நல்ல நேரத்தில் கை பிடித்துக்கொண்டது என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ராயபுரம் கடற்கரைக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். அக்கா இடது கையைப் புடவைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தாள்.

"ஏட்டி, நான் பாக்காதத அவ பாத்திருக்கா."

"அக்கா, அது உங்க கைதான். மூளைக்குள்ள எங்கியோ சந்தேகம் இருந்திருக்கும். புத்தகத்துல இதுக்கெல்லாம் பேர் இருக்குது."

"புத்தகம் நானும் படிச்சேன்." தலைப்பை இன்னும் இறுக்கிச் சுற்றினாள். "எழுத்துக்கு எழுத்து நான்தான் சொல்லிக்குடுத்தேன் அவளுக்கு. இப்பம் எனக்கு ஒரு சந்தேகம்னா அவகிட்டதான் கேக்கணும் போலிருக்கு. அவ பதில் சொல்ல மாட்டேங்கா."

அவள் அழுதாள் என்று நினைக்கிறேன். எனக்குத் தொட்டு ஆறுதல் சொல்லத் தோன்றியது. அவள் இடது பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன், அதனால் தொடவில்லை. வெட்கமாக இருக்கிறது இதைச் சொல்ல. ஆனால் உண்மை அதுதான்.

இப்போது நைனாவின் முறை வந்தது.

ஒற்றைக் கண் கேஸை மாணவர்களுக்குக் கொடுக்கமாட்டார்கள். சீஃப் தானே செய்வார். அந்த நம்பிக்கையில்தான் நான் நைனாவைக் கூட்டிப்போனேன். சீஃப் டார்ச் அடித்துப் பார்த்தார், அழுத்திப் பார்த்தார், எல்லாம் சரி என்றார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இடது கண். என் இடது கைக்கு வயசாயிடுச்சும்மா. இப்பல்லாம் ஆடுது, நீயே பாக்குறே. இந்த ஆஸ்பத்திரியிலேயே இன்னிக்கு நல்ல இடது கை யாருதுன்னு உனக்குத் தெரியும். நான் பக்கத்துல நிக்கிறேன். நீ இமையைப் பிடிச்சுக்கோ."

என்ன சொல்வது? ஐயா, அந்தக் கை தூங்குகிறதில்லை என்றா? வீட்டுக்கு வந்து நைனாவிடம் வேறு மாதிரி சொல்லிப் பார்த்தேன். எழும்பூர் சர்க்கார் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், பெரிய டாக்டர் யாரையாவது பார்க்கலாம் என்றேன்.

"இன்னாத்துக்கு? நம்ம மாடிப் பொண்ணு கீதே," என்றார் நைனா. "தெனம் பேப்பர் படிக்கிற பொண்ணு, எனுக்குக் கண்ணு குடுக்க மாட்டாளா? நீ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிகினு கீற?"

அவருக்கு ஆசை வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஒரு கண்ணால் ஓட்டியவர், அதுவும் மூடின பிறகு யாருக்கும் பாரமில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவர். என் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கவேண்டும் என்றார். நான் டாக்டர் ஆன பிறகு என்னைத் தெளிவாகப் பார்த்ததே இல்லையாம். அதற்கு மேல் என்னால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

மாடிக்குப் போனேன். அக்கா என்னை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, நைனாவுக்கு நீங்களே பண்ணுங்க. ஆனா வலது கையால பண்ணுங்க."

"மூக்கு குறுக்க நிக்கும்."

"நிக்கட்டும். கஷ்டம்தான். ஆனா அது உங்க கை."

அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள், ஒரு கையால். "நானும் அதத்தான் நெனச்சேன்," என்றாள். அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அப்புறம் வந்த நாட்களில் சின்னவளை நாடாவால் கட்டிப்போட்டுவிட்டு, தேங்காய்த் தொட்டியில் ஆட்டுக்கண்ணை வைத்து, வலது கையைக் குறுக்கே கொண்டுபோய்ப் பழகினாள். ஓரளவு வந்தது. பெரியவள் எப்போதும் சுமார்தான்.

ஆபரேஷன் அன்று காலை தியேட்டரில் நல்ல வெளிச்சம். நைனா மேஜைமேல் வேஷ்டியை இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தார். கண் மரத்துப்போக மருந்து போட்டோம். அக்கா தலைமாட்டில் நின்றாள். சீஃப் ஒரு பக்கம், நான் மறுபக்கம் இமையைப் பிடித்துக்கொண்டு. வலது கையில் கத்தி, இடது கையில் கண் ஆடாமல் பிடிக்கிற சின்ன இடுக்கி. வலது கை நைனாவின் மூக்குக்கு மேலாகக் குறுக்கே போயிற்று. நைனாவுக்கு மூக்கு பெரிது. கத்தியின் நுனி கருவிழி ஓரத்தில் வந்து நின்றது. நடுங்கியது. எனக்குத் தெரிந்தது, இந்தக் கை வெட்டினால் கண் போகும். அக்காவுக்கும் தெரிந்தது. அவள் மூச்சு முகமூடியை உள்ளே இழுத்தது.

சீஃப்புக்கு ஒரு பழக்கம் உண்டு. மாணவன் கெடுக்கப்போகிறான் என்றால் ஒரு வார்த்தை பேசமாட்டார், திட்டமாட்டார். கையை நீட்டி அவன் விரலிலிருந்து கத்தியை மெல்ல உருவிக்கொள்வார். அவ்வளவுதான். அவர் கை அசைகிறதா என்று பார்த்தேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

இடது கை இடுக்கியை விட்டது. தட்டில் சத்தமில்லாமல் வைத்தது. வந்து, வலது கை விரல்களிலிருந்து கத்தியை மெல்ல உருவிக்கொண்டது.

வலது கை கொஞ்ச நேரம் வெறுமனே அந்தரத்தில் நின்றது. பிறகு தட்டுக்குப் போய் இடுக்கியை எடுத்துக்கொண்டு வந்து கண்ணைப் பிடித்துக்கொடுத்தது.

"நல்ல முடிவு," என்றார் சீஃப்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கண்ணைப் பார்க்கவில்லை, கத்தியைப் பார்க்கவில்லை. முகமூடிக்கு மேலே என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி நுழைந்தது, மறுபக்கம் வந்தது, மேலே அறுத்தது, புரை முழுசாக ஒரு மொச்சைக்கொட்டைபோல வெளியே வந்து தட்டில் விழுந்தது. அது முடிகிறவரை அவள் என்னிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் வாழ்க்கையில் அப்படிச் சுத்தமான வெட்டை நான் பார்த்ததில்லை, இத்தனை வருஷத்தில் நான் வெட்டினதிலும் சேர்த்துத்தான். எனக்கு அலறவேண்டும் போலிருந்தது. இமையைப் பிடித்திருந்தேன், அலறவில்லை.

நைனா மணல் மூட்டைக்கு நடுவே நல்ல பிள்ளையாகப் படுத்திருந்தார். அக்கா வார்டுக்கு வரவில்லை, காய்ச்சல் என்றாள். மாடி அறைக் கதவு சாத்தியே இருந்தது. கட்டு பிரிக்கிற அன்று சீஃப் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார், வெட்டினவள் பார்க்கவேண்டாமா என்று. வந்தாள். இளைத்திருந்தாள். நைனாவின் இடது பக்கம் நின்றாள். நான் கட்டைப் பிரித்தேன். காயம் ஒட்டிக்கொண்டு வருகிறது, கருவிழி கறுப்பாகத் தெளிந்து இருக்கிறது. கண்ணாடி போடும்வரை எல்லாம் மங்கல்தான், ஆனாலும் தெரியும். நான் விரலைக் காட்டினேன்.

"மூணு," என்றார் நைனா. "ஜன்னலு தெரியுது. இது நீதானா? ஒங்க அம்மா மாதிரியே கீறியேம்மா."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழ நேரம் கிடைக்கவில்லை.

"மாடிப் பொண்ணு எங்க? எந்தக் கையால பண்ணே தாயி? இதுவா?" என்று கேட்டுக்கொண்டே நைனா பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த அக்காவின் இடது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பிடித்து, சாமி பிரசாதத்தை ஒற்றிக்கொள்கிற மாதிரி, கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தூக்கினார்.

வெட்டிய கண்ணில். ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கிற காயத்தில். எங்கள் சனம் நன்றி சொல்கிற விதமே அதுதானே. வார்டில் எத்தனையோ பேருக்குத் தும்மாதே, இருமாதே, கண்ணைக் கசக்காதே என்று சொல்லியிருக்கிறேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளாதே என்று சொல்லவேண்டும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. விரல் காட்டுவதற்காக நான் கட்டிலின் மறுபக்கம் தள்ளி நின்றிருந்தேன், எட்டவில்லை. அக்காவின் வலது கை பாய்ந்து தன் இடது மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது. இழுத்து நிறுத்த முடியவில்லை. நைனாவின் பிடியோடு இடது கை இறங்கிக்கொண்டே இருந்தது. ஹார்பரில் உழைத்த கைகள், அவருக்கு பலம் உண்டு. ஆனால் அந்தக் கையும் அவரோடு சேர்ந்துதான் போயிற்று.

இமைக்கு மேலே ஒரு நூல் அளவில் அது நின்றது. நைனா அழுத்துவது தெரிகிறது, புறங்கை நரம்பு புடைக்கிறது. கை இறங்கவில்லை. விரல்களைக் குவித்து, உள்ளங்கையைக் குழித்துக்கொண்டு, கிண்ணம் கவிழ்த்த மாதிரி நைனாவின் கண்ணுக்கு மேலே நின்றது. விரல் நுனி புருவ எலும்பிலும் கன்ன எலும்பிலும் ஊன்றியிருந்தது. கண்ணில் ஒரு இடத்திலும் படவில்லை.

"அப்பா, இன்னா குளுர்ச்சி," என்றார் நைனா. ஒற்றிக்கொண்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். கையை விட்டார். விட்டுவிட்டுத் தன் இரண்டு கையையும் நெஞ்சின்மேல் சேர்த்து, "ஒன்னைக் கும்புடுறேன் தாயி," என்றார்.

பெரியவர் கும்பிட்டால் பதிலுக்குக் கும்பிடவேண்டும். அக்காவின் வலது கை நெஞ்சுக்கு நேரே எழுந்து வந்தது. வந்து தனியாக நின்றது. இடது கை நைனாவின் கண்ணைவிட்டு அசையவில்லை. அக்கா தோளை அசைத்தாள், உடம்பையே பின்னால் இழுத்தாள், கை வரவில்லை. பாதிக் கும்பிடோடு அவள் அப்படியே நின்றுகொண்டு என்னைப் பார்த்தாள்.

"கூப்பிட்டுப் பாத்துட்டேன்ட்டி," என்றாள். "அவ வரமாட்டேங்கா."